உறவுப்பட்டியில் அடிக்கப்பட்ட பெயர்

நெடுமருதூரில் ஊரார் அனைவரும் அறிந்திருந்த செய்தி ஒன்று, ஊரார் அனைவரையும் அறிந்திருந்த கூட்டுக்குத் தெரியாமற்போயிற்று. பேருந்து ஓட்டுநர் தளவாய்க்கு உடன்பிறந்த தம்பி ஒருவர் உண்டு என்பதே அச்செய்தி.

நலக்கூட்டு என்பது முழுப்பெயர், வழக்கில் கூட்டு. அதற்கு முதலாளி கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையம், இரண்டு மருந்துக்கடைகள், இரத்தப் பரிசோதனை நிலையம், பேருந்துப் பணிமனை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், திருமண மண்டபத்தின் சமையற்கட்டு ஆகிய எட்டும் அதன் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் தம் கண்ணில் பட்டதைக் கூட்டுக்குச் சொல்வர். எட்டுப் பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்துக் கூட்டு எல்லோருக்கும் சொல்லும். மருந்துக்கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் வழக்கத்தைவிட அதிகம் விற்று, அதே நாளில் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள் வரவில்லை என்றால், அன்று மாலைக்குள் மேல்நிலைத் தொட்டியின் நீர் சோதிக்கப்பட்டுவிடும். கோடைதோறும் தவறாமல் வந்துகொண்டிருந்த வாந்திபேதி, ஆறு ஆண்டுகளாக அந்த ஊருக்கு வழி தெரியாமல் நின்றது.

அக்கூட்டின் மிக மதிப்புள்ள ஏடு உறவுப்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் தன் இரத்த உறவுகளை அதில் எழுதித் தந்திருந்தது. ஒருவருக்குப் பரம்பரை நோய் காணப்பட்டால், அவர் சம்மதத்தோடு, அவருடைய பெயரைச் சொல்லாமல், பட்டியில் உள்ள உறவினர் அனைவருக்கும் அறிவுறுத்தல் செல்லும். பட்டியைக் காப்பவர் பரமகல்யாணி. தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தேதியில்லாத தாளைக் கையால் தொடமாட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய தளவாய், படியிலேயே சாய்ந்தார். மூச்சு நின்றிருந்தது. நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பும் சிவப்பு ஷாக் பெட்டி சுவரில் தொங்கியது; மெக்கானிக் ஒருவர் அதை எடுத்துவந்து, பெட்டியின் குரல் சொன்னபடியெல்லாம் செய்து, அவரை மீட்டார். நெஞ்சுக்குள் சிறு கருவியொன்றைப் பொருத்திக்கொண்டு தளவாய் வீடு திரும்பினார். இனிப் பேருந்து ஓட்டக் கூடாது என்றார்கள். பணிமனையின் சாமான் அறையில் இலகுவான வேலை கொடுத்தார்கள்.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள், சுகாதார நிலையத்து மருத்துவர் நிவேதன் கோப்போடு பரமகல்யாணியின் மேசைக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஊருக்கு வந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

"மேடம், தளவாய் சாருக்கு வந்தது இதயத் தசை தடிக்கிற நோயிங்க. பரம்பரையா வர்றது. பசங்க ரெண்டு பேருக்கும் சோதிச்சாச்சு, இல்லைங்க. வேற உறவு யாரும் இல்லைன்னு கூட்டு கோப்பை மூடிருச்சு."

"மூடத்தான் செய்யும். அவரு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்" என்ற பரமகல்யாணி, அலமாரியிலிருந்து பழைய காகிதப் படிவம் ஒன்றை எடுத்து விரித்தார். உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதப்பட்டு, தாள் கிழியும் அளவுக்கு அடிக்கப்பட்டிருந்தது. "தம்பி. நம்பிராஜன். தெற்குத் தெரு. அவரு படிவத்தையும் எடுக்கவா? இதே கட்டத்துல இவரு பேரு இதே மாதிரி அடிபட்டிருக்கும். ரெண்டு பேரும் ஒரே முகாம்ல, அடுத்தடுத்த மேசையில உக்காந்து அடிச்சாவ."

"எதுக்குங்க?"

"இருபத்திரண்டு வருசமா நல்லது கெட்டது கிடையாது. அவங்க அய்யா செத்தப்போ ஒரே தெருவுல ரெண்டு பந்தல் போட்டாவ. ஊருக்கே தெரியும். படிவத்துக்குத்தான் தெரியாது."

நிவேதன் புன்னகை செய்தார். "அவ்வளவுதானுங்களா? நான் சாயங்காலம் நம்பிராஜன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"அண்ணனுக்கு இந்த மாதிரி..." என்று தொடங்கியவர், தாமே நிறுத்திக்கொண்டார்.

"அதான். தளவாயோட நோயை, தளவாய் யாரை வேண்டாம்னு அடிச்சாரோ அவருகிட்டயே கொண்டுபோய்ச் சொல்லுவீங்க. நாளைக்கு அது ஊருக்குத் தெரியும். நாளான்னைக்கு மருந்துக்கடையில ஒருத்தனும் உண்மைப் பேரைச் சொல்ல மாட்டான். ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போகாதுன்னு நம்பித்தான் எல்லாரும் இந்த ஏட்டுல எழுதியிருக்காவ. அந்த விதியை எழுதினதே நான்தான், டாக்டர் தம்பி."

"விதி பெருசா, உயிர் பெருசாங்க?"

பரமகல்யாணி படிவத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"நம்பிராஜனுக்கு ஒரே மக. முப்பிடாதி. வயசு பத்தொன்பது. மாவட்ட வாலிபால் அணியில ஆடுதா. சித்திரையில மாநிலப் போட்டி. நாலு மணிக்கு மேல பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்க. வலைக்கு மேல ஒரு முழம் எழும்புவா."

நிவேதனின் முகத்திலிருந்து புன்னகை அகன்றது. அந்த நோய் உள்ள இளையவர்கள் எங்கே, எப்படி விழுவார்கள் என்பதை அவர் படித்திருந்தார். கூட்டு ஊரார் கையில் கட்டிவிட்டிருந்த கைப்பட்டை துடிப்பை எண்ணும்; தசையின் தடிப்பைக் காணாது. அதையும் அந்தப் பெண், பந்து பட்டு உடைந்துவிடும் என்று கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் ஆடுவாள்.

அன்றைக்கே பரமகல்யாணி தளவாயின் வீட்டுக்குச் சென்றார். அடிக்கப்பட்ட பெயரை அடித்தவர் மட்டுமே மீண்டும் எழுதலாம் என்பது விதி. எழுதும்படி கேட்கக் கூடாது என்று விதியில் இல்லை.

தளவாய் நாற்காலியை எடுத்துப் போட்டார், மோர் வந்தது. கேள்வியைக் கேட்டதும், செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, எங்க அய்யாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனவன், அவன் மாமனார் பேரை எம் பேருக்கு மேல போட்டுட்டு வந்தான். மூத்த மகன் நானு. பெத்த அப்பனுக்கு விசேசம். நேத்து வந்த சம்பந்தக்காரன் பேரு மேல, எம் பேரு கீழ. ஐநூறு பத்திரிகையையும் கிணத்துல போட்டேன். இன்னைக்கும் போடுவேன்."

"பத்திரிகை இருக்கட்டும். இது இரத்தத்துல வார நோய்னு டாக்டர் உங்ககிட்டச் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு."

"எதுக்குக் கேக்கேன்னு விளங்குதா?"

தளவாய் நெஞ்சின் தையல் தழும்பை விரலால் தடவினார்.

"விளங்குது. ஆனா அவன் பேரை எங் கையால எழுதச் சொல்லாதீய. அந்த ஒண்ணு மட்டும் கேக்காதீய, அக்கா."

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"இருப்பா. நான் பாத்ததே இல்ல."

பரமகல்யாணி எழுந்துகொண்டார். மோரைக் குடிக்காமல் வந்துவிட்டோம் என்பது தெருமுனையில்தான் நினைவுக்கு வந்தது.

அவ்வார இறுதியில் உறுப்பினர் கூட்டம் நடந்தது. பங்குனி உத்திரத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அன்று அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு குடும்பமும், எந்த ஊரில் வாழ்ந்தாலும், தன் குலத்துக்குரிய சாஸ்தா கோயிலுக்குச் சென்று பொங்கலிட வேண்டும். ஆகவே குடிநீர், முதலுதவி, சிறப்புப் பேருந்து ஆகியவை பேசப்பட வேண்டியிருந்தன. நிகழ்ச்சி நிரலின் முதல் இனமோ வேறு. பணிமனையின் ஷாக் பெட்டி, நான்கு நாட்களாக மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை தன் இடத்தில் இல்லை என்று தானே கூட்டுக்குத் தெரிவித்திருந்தது.

"தூசி தட்ட எடுத்திருப்பானுவ" என்றார் பணிமனை மேலாளர்.

"ரெண்டு மணி நேரமா? தினமுமா?" என்று கேட்ட பரமகல்யாணி, 'திருவிழாவுக்குப் பின் விசாரிக்கப்படும்' என்று குறித்துத் தேதியிட்டார்.

அடுத்ததாகச் சமையல் பற்றிப் பேச்சு வந்தது. திருமண மண்டபத்துச் சமையற்காரர் குற்றாலம், பருமனான மனிதர். பேசும்போதெல்லாம் கரண்டி பிடித்தவர்போலக் கையை ஆட்டுவார்.

"உத்திரத்தன்னைக்கு என்னைய ஆரும் தேடாதீய. கரையடி சாஸ்தா கோயில்ல நமக்கு வேலை. நாப்பத்திமூணு வீட்டுப் பொங்கல். அதுல ரெண்டு வீட்டுக்குத் தனித்தனி உலை. ஒருத்தரு அரிசி களஞ்ச தண்ணி இன்னொருத்தரு பக்கம் ஓடக் கூடாது. வருசா வருசம் நடுவுல நின்னு மண்ணை அணைகட்டியே எங் காலு போச்சு."

மருந்துக்கடை செய்யது மைதீன் சிரித்தார். "ஆரு அண்ணாச்சி அது? இந்தியாவும் சீனாவுமா?"

"வேற ஆரு? தளவாயும் நம்பிராஜனும்தான். உலைதான்வே ரெண்டு. சாஸ்தா ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தனர். பரமகல்யாணி சிரிக்கவில்லை, எழுதுகோலை மூடி வைத்தார்.

"குற்றாலம், கடைசியில சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

"சாஸ்தா ஒண்ணுதான்னேன். தப்பா?"

"தப்பில்ல. பதினோரு வருசமா நான்தான் தப்பாக் கேட்டுட்டு இருந்திருக்கேன். உன் உறவு யாருன்னு கேட்டா, மனுசன் சண்டையை நினைச்சுக்கிட்டு எழுதுதான். உன் சாஸ்தா எதுன்னு கேட்டா எவன் அடிப்பான்?"

நிவேதன் முன்னே சாய்ந்தார். "ஒரே சாஸ்தான்னா ஒரே வம்சமுங்களா?"

"ஆண்வழியில பெரும்பாலும் அப்படித்தான். நோய் ஒரு வீட்டுல கண்டா, அந்தச் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கிற நாப்பத்திமூணு வீட்டுக்கும் அறிவுறுத்தல் போகட்டும். யாருக்கு நோய்னு தெரியாது. யாருக்காகச் சொல்லுதோம்னும் தெரியாது. எந்த விதியும் உடையாது."

"எங்களுக்குச் சாஸ்தா கெடையாதே, அக்கா" என்றார் செய்யது மைதீன்.

"உங்க பள்ளிவாசல்ல குடும்ப ஏடு இருக்குல்லா? மாதாகோயில்லயும் ஞானஸ்நான ஏடு இருக்கு. பெரியவங்ககிட்டக் கேப்போம். கேள்வி எல்லாருக்கும் பொது: உன் குடும்பம் எங்க போய்ச் சேரும்?"

"அப்பச் சரி. எங்க பாட்டனார் ஏட்டுல, இப்ப என்கூடப் பேசாத பதினாறு பேரு இருக்கான். அவனுவளும் பொழைச்சுப் போகட்டும்."

தீர்மானம் எட்டுக்கு எட்டு வாக்குகளால் நிறைவேறியது. தளவாயின் சம்மதம் மட்டும் எஞ்சியிருந்தது. அவர் சாமான் அறையில் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பரமகல்யாணி படிவத்தை நீட்டினார்.

"கரையடி சாஸ்தா வழி மொத்தத்துக்கும் போகும். பேரு வராது. சம்மதமா?"

"அதுல ஆரு ஆரு வருவா?"

"அதை உங்களுக்குச் சொல்லக் கூடாது."

தளவாய் படிவத்தை இருமுறை படித்தார். எந்த மனிதர் பெயரும் அதில் இல்லை.

"சாஸ்தா பேரை எழுதி வச்சிட்டு, மாட்டேன்னு சொல்லுவேனா, அக்கா?" என்று கையெழுத்திட்டார். தேதியையும் அவரே எழுதினார்.

புதிய கேள்விக்கு ஊர் ஐந்தே நாட்களில் விடையளித்துவிட்டது. முந்தைய பட்டிக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்பிராஜனோ, கேள்வி முடிவதற்குள் "கரையடி சாஸ்தா, ஏழு தலைமுறையா" என்று சொல்லிவிட்டு, ஏன் என்றுகூடக் கேளாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

உத்திரத்தன்று கரையடி சாஸ்தா கோயிலின் ஆலமரத்தடியில் நிவேதன், இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனைக் கருவியோடு அமர்ந்தார். அறிவுறுத்தல் பெற்ற நாற்பத்து மூன்று வீட்டாரும் பொங்கல் பொங்கியதும் வரிசையில் நின்றனர். குற்றாலத்தின் மண்ணணைக்கு இந்தப் பக்கம் தளவாயின் உலையும் அந்தப் பக்கம் நம்பிராஜனின் உலையும் கொதித்தன. இரு வீட்டாரும் ஒரே சாமியைக் கும்பிட்டனர்; ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பிற்பகலுக்குள் ஏழு பேருக்கு இதயத் தசையில் தடிப்பு காணப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர், மும்பையிலிருந்து வந்திருந்த தந்தையும் மகனும், நம்பிராஜனின் சித்தப்பா மகன்கள் இருவர், நம்பிராஜன், முப்பிடாதி.

"மாத்திரை உண்டு. தேவைப்பட்டா சின்னக் கருவி வைக்கலாம். நல்லா இருப்பீங்க. நூறு வயசு வரைக்கும்கூட" என்றார் நிவேதன்.

"விளையாடலாமா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

நிவேதன் பரமகல்யாணியைப் பார்த்தார். பரமகல்யாணி குனிந்து ஏட்டைப் பார்த்தார்.

"இனி வேண்டாங்கம்மா."

"சித்திரையில மாநிலப் போட்டி, சார். ஆறு வருசமா ஆடுதேன். ஒரு தடவைகூட மூச்சு வாங்கல. நீங்க பாட்டுக்கு ஒரு படத்தைப் பாத்துட்டு..." என்றவள் குரல் உடைந்து, ஆலமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நம்பிராஜன் மகளின் தோளைத் தொடப் போய், தொடாமல், அருகில் நின்றார். உயிர் காக்கப்பட்டதற்கு விலை இல்லை என்று யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. விலை இருந்தது, கொடுத்தவள் அவளே.

திருவிழா முடிந்து பத்து நாட்கள் சென்றன. பரமகல்யாணி ஏட்டைப் புரட்டுகையில், முடிக்கப்படாத குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. பெட்டி. மாலை நான்கு முதல் ஆறு வரை. அவர் பின்னோக்கிப் புரட்டினார். முதன்முதலாகப் பெட்டி காணாமற்போன நாள் பங்குனி நான்கு. அவர் தளவாயின் வீட்டில் மோரைக் குடியாமல் எழுந்து வந்ததற்கு மறுநாள்.

குடையை எடுத்துக்கொண்டு நான்கேகாலுக்குப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நடந்தார்.

ஆட்டம் தொடங்கியிருந்தது. வலையின் ஓரத்தில் உயரமான நாற்காலியொன்றில் முப்பிடாதி ஊதலோடு உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி செல்வி, வலையைத் தொட்டுட்டே! எனக்குக் கண்ணு தெரியும்ட்டி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை. அதிகாரம் நிறைய இருந்தது. கைப்பட்டை கையில் இருந்தது.

மைதானத்தின் மறுமுனையில், சுற்றுச்சுவரை ஒட்டிய சிமெண்டுத் தொட்டியின்மேல் தளவாய் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய மஞ்சள் பை. பையின் ஓரம் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

பரமகல்யாணி அருகில் போய் நின்றார். தளவாய் எழ முயன்றார்; பையை விடாமல் எழ முடியவில்லை.

"பேரை எழுத மாட்டேன்னு சொன்னீங்க."

"எழுதல்லியே, அக்கா. உக்காந்துதான இருக்கேன்."

"அந்தப் பொண்ணை நீங்க பாத்ததே இல்லைன்னும் சொன்னீங்க."

"அன்னைக்கு வரைக்கும் பக்கத்துல பாத்ததில்ல." பந்து ஒன்று உருண்டு வந்தது; காலால் தட்டி அனுப்பினார். "இந்தப் பெட்டிதான என்னைய எழுப்புச்சு. மெக்கானிக்குப் பய எல்லாம் காட்டிக் கொடுத்தான். அது சொல்லச் சொல்லச் செஞ்சாப் போதும். ரெண்டு மணி நேரந்தான. பணிமனையில அந்நேரம் நாலு பேருதான் இருப்பான். ஓடிவந்து வாங்கிட்டுப் போனா மூணு நிமிசம். நடந்து பாத்துட்டுத்தான் வச்சிருக்கேன்."

"இப்பத்தான் அவ ஆடலியே. இன்னும் எதுக்கு?"

தளவாய் மைதானத்தை நோக்கிக் கையை நீட்டினார். "மத்த பிள்ளைய ஆடுதுல்லா."

ஆட்டத்தின் இடைவேளையில் முப்பிடாதி நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் பிளாஸ்க் இருந்தது.

"கல்யாணியத்தை, நீங்களுமா? இவரு தினமும் வாராரு. முதல்ல பஸ்ஸுக்கு நிக்காருன்னு நினைச்சேன். இந்தப் பக்கம் பஸ்ஸே வராதே. அப்புறம் ஒரு நாள் பைக்குள்ள எட்டிப் பாத்துட்டேன்." தொட்டியின் விளிம்பில் இரண்டு டம்ளர்களை வைத்துத் தேநீரை ஊற்றினாள். "அப்பாகிட்டச் சொன்னேன். மறுநாள்ல இருந்து பிளாஸ்க்ல ரெண்டு பேருக்கு டீ போட்டுக் கொடுத்து விடுதாரு. ஆருக்குன்னு கேட்டா, 'குடிக்கவனுக்கு'ன்னு சொல்லுதாரு."

"உங்க அப்பன் டீயில எப்பவும் சீனி கூடத்தான்" என்றபடியே தளவாய் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"பெரியப்பா, அதையும் போய்ச் சொல்லவா?"

"சொல்லு. நான் சொன்னதாச் சொல்லாத."

பரமகல்யாணி இரண்டாவது டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சீனி கூடத்தான் இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், மைதானத்துக்கென்று இன்னொரு பெட்டி வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினார். பிறகு ஏட்டைத் திறந்தார். முடிக்கப்படாத குறிப்பைக் காரணம் எழுதாமல் மூடக் கூடாது; அந்த விதியையும் அவரே எழுதியிருந்தார். தேதியிட்டு, நேரமிட்டு, தம் வாழ்நாளில் முதன்முறையாக விசாரணையின் முடிவை ஒரே வரியில் எழுதினார்:

'பெட்டி உரிய இடத்தில் இருந்தது.'